மாமா ஊருக்கு மட்டும் மழை

சந்தோஷமாக இருப்பவர்கள்தான் அதிக நாள் உயிரோடிருப்பார்கள் என்று நான்காம் வகுப்பு டீச்சர் ஒருநாள் சொல்லித்தொலைத்தார். மற்ற பிள்ளைகள் மணி அடித்ததும் மறந்துவிட்டார்கள். நான் மட்டும் எங்கள் வீட்டில் யார் யார் சந்தோஷமாக இல்லை என்று எண்ணத் தொடங்கினேன்.

அப்பா மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்தார். வானம் லேசாக இருட்டினாலே அவர் முகம் செத்துவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். வெயில் தொடர்ந்து காய்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மழை பெய்தால் அப்பாவின் ஆயுள் போகும். பெய்யாவிட்டால் மாமாவின் ஆயுள் போகும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பஞ்சாயத்து!

அந்தச் சித்திரையில் மாமா வீட்டுக்கு வந்து, செடியெல்லாம் காய்கிறது என்று அம்மாவிடம் அழுதேவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே மாரியம்மன் கோயிலுக்குப் போய், மாமா ஊர் ஏரிக்கரையைத் தாண்டாமல் மழை பெய்ய வேண்டும் என்று தெளிவாகத்தான் வேண்டிக்கொண்டேன். இடம் சொல்லியும் அம்மனுக்கு விளங்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் எங்கள் தலைமேலும் சேர்த்துக் கொட்டியது.

அப்பாவும் அம்மாவும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதிக் குவியலைத்தான் மூட முடிந்தது. பாத்திகளில் வாருவதற்குத் தயாராக இருந்த உப்பு அத்தனையும் கரைந்துபோனது. அப்பா வரப்பில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அப்பா நமக்கு இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

"நான்தாம்பா மழை கேட்டேன். மாமா செத்துடுவாருன்னு பயந்து கேட்டுட்டேன். நீ செத்துடாதப்பா!"

அப்பா ஒன்றும் புரியாமல் விழித்தார். டீச்சர் சொன்னது முதல் ஏரிக்கரை வரைக்கும் விக்கி விக்கிச் சொல்லி முடித்தேன்.

"அடிப்பாவி! மழையில உப்புதான் கரையும். அப்பன் கரைய மாட்டான், அழுவாத," என்றார். பிறகு மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்து போனை எடுத்தார். மாமாவைக் கிழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"டேய் மச்சான், அங்க பேஞ்சுதாடா?"

நல்ல மழை, மல்லாட்டைக் கொல்லை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது என்று மாமா கூத்தாடியது எனக்கே கேட்டது. அப்பா சிரித்தார். ஒப்புக்கு அல்ல, கண் சுருங்க, பல் அத்தனையும் தெரிய. உப்பு கரைந்துபோன இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர் கொல்லையில் பெய்த மழைக்கு யாராவது சிரிப்பார்களா? அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எண்ணி, நான் முன்பைவிடச் சத்தமாக அழுதேன்.