ஸ்ரீலட்சுமியின் கட்டில்

வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பகல் மையமும் வண்டியும் தங்கும் இல்லமும் ஏற்பாடு செய்து கொடுப்பது இருபது வருஷமாக ராஜபாயின் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஸ்ரீலட்சுமி வலிப்பு வந்து இறந்துவிட்டாள். யாருமற்ற அவளைப் பதினொரு வருஷத்துக்கு முன் கைபிடித்து அங்கே கொண்டுபோய் விட்டவள் ராஜபாய்தான்.

தகனம் முடிந்து ஆபீசுக்கு வந்ததும், சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் நயினாரைப் போனில் கூப்பிட்டாள். மகள் ஸ்வப்னாவுக்கு இல்லத்தில் இடம் கேட்டு அவர் நாலு வருஷமாகக் காத்திருந்தார்.

"அண்ணாச்சி, இல்லத்துல ஒரு எடம் ஒழிஞ்சிருக்கு."

"நல்லதும்மா. அங்க இருந்த பிள்ள வீட்டுக்குப் போயிட்டா?"

"இல்ல. இறந்துட்டா."

"என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"எம் மவளுக்கும் அதே வயசுதான். திங்கக்கிழமை அனுப்பி வைக்கேன். இந்த வாரம் அந்தக் கட்டில் சும்மா கிடக்கட்டும், கேட்டியளா."

"செரி."

அழுகை வரும் என்று ராஜபாய் காத்திருந்தாள். வரவில்லை. மலையாளி டிரைவர் அனிலை அழைத்தாள்.

"திங்கக்கிழமை வண்டி வேணும் அனில். ஸ்ரீலட்சுமிய இல்லத்துல கொண்டு விடணும்."

"ஆரை, சேச்சி?"

"ஸ்வப்னாவ," என்று அதே குரலில் திருத்திச் சொன்னாள்.