மொன்றியல் மாடியில் கொரியச் சட்டம்

பிறத்தியார் நாட்டுச் சட்டத்தை இன்னொரு பிறத்தியார் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதைக் கேட்கவே விருப்பமில்லாத ஆட்களுக்கு விளக்குவதுதான் என் தொழில்.

யாழ்ப்பாணத்தான் ஒருவன் மொன்றியலில் கொரியச் சட்டம் கதைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்பதை என் மாமியாரே இன்னும் நம்பவில்லை. நடந்தது இதுதான். ஊரிலிருந்து வேலை விசாவில் கொரியாவுக்குப் போய், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடம் நின்றேன். பிறகு கலியாணம். மனைவி ஸ்பொன்சர் செய்து இங்கே எடுத்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் அரைகுறை, கொரியன் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்குப் பக்கத்து மூலைக்கடை, அதாவது டெப்பனர், ஒரு கொரியருடையது. பால் வாங்கப் போய் அவரோடு கொரியனில் கதைத்தேன். அவர் திறந்த வாய் மூடாமல் என்னைக் கையில் பிடித்து மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் மிஸிஸ் ஹானின் சட்ட ஆலோசனைக் கந்தோர்.

மிஸிஸ் ஹான் கொரியாவில் சட்டத்தரணியாக இருந்தவர். இங்கே வழக்குப் பேச முடியாது. ஆனால் கொரியாவுக்குப் போகிறவர்களுக்கும் அங்கே வியாபாரம் செய்கிறவர்களுக்கும் அந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துச் சொல்லலாம். நான் அவருடைய உதவியாள். படிவம் நிரப்புவேன், தொலைபேசி எடுப்பேன், அழுகிறவர்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பேன். வேற்று நாட்டுக் கந்தோரில் இலக்கத் துண்டைப் பிடித்துக்கொண்டு அரை நாள் இருந்து, முறை வந்ததும் "ஒரு போட்டோ குறையுது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தானே நீங்களும்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், குணங்களை மாற்றவில்லை.

முழங்கால் எண்ணெய்

மதாம் ஜிசெல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யிலிருந்து வந்தவர். எழுபது தாண்டிவிட்டது, கைத்தடி ஊன்றித்தான் படி ஏறினார். மகள் கொரியாவில் புசான் நகரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கப் போய் அங்கேயே கலியாணமும் கட்டி, இப்போது முதல் பிள்ளை பிறந்திருக்கிறது. எவ்வளவு காலம் போய் நிற்கலாம் என்று கேட்க வந்தார். கனேடியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமலே ஆறு மாதம் நிற்கலாம் என்றோம். இரண்டு நிமிட வேலை. எழும்பிப் போகும்போது, "பெட்டிக்குள் வைக்கக் கூடாத சாமான் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டு, தான் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியலை நீட்டினார். பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை, மருமகனுக்கு ஒரு போத்தல் மேப்பிள் பாணி. ஒன்பதாவது வரியில் மிஸிஸ் ஹானின் விரல் நின்றுவிட்டது. முழங்கால் வலிக்கு நாக்கில் விடுகிற எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது.

மதாமுக்குக் கோபம் வந்துவிட்டது. அரசாங்கக் கடையில் வாங்கியது, வெறி தராது, நான் என்ன போதைக்காரியா என்று பற்றுச்சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். இங்கே அது மருந்து மாதிரி, கொரிய விமான நிலையத்தில் அது போதைப்பொருள் வழக்கு, வயதையும் பார்க்க மாட்டார்கள் என்று மிஸிஸ் ஹான் மூன்று முறை பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது முறை மதாம் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். மகள் பிள்ளையோடு வெளியே காத்து நிற்க, தான் உள்ளே விசாரணை அறையில் இருப்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பேனையை வாங்கி ஒன்பதாவது வரியைத் தானே வெட்டினார். பிறகு பெருமூச்சு விட்டு, எனக்கும் விளங்க ஆங்கிலத்தில் சொன்னார்: "என் அரசாங்கம் விற்கிறது, அவர்களின் அரசாங்கம் பிடிக்கிறது, நடுவில் நோகிறது என் முழங்கால்."

உண்மை பேசிய ஆசிரியர்

மார்ட்டின் இருபத்தெட்டு வயதுப் பெடியன். கொரியாவில் ஒரு தனியார் ரியூசன் நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டுத் திரும்பியவன். அந்த நிலையத்தின் முதலாளி பனிக்காலத்தில் ஹீற்றர் போடமாட்டார், வெளிநாட்டு ஆசிரியர்களின் கடவுச்சீட்டுகளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். இங்கே வந்த பிறகு மார்ட்டின் அதையெல்லாம் முதலாளியின் முழுப் பெயரோடு இணையத்தில் எழுதிவிட்டான். முதலாளி பொலிசில் அவதூறு முறைப்பாடு கொடுத்தார். பொலிஸ் கடிதம் கொரியாவில் இருக்கும் அவனுடைய காதலியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் நாலு மாதத்தில் அங்கே கலியாணம்.

"ஆனால் நான் எழுதியது அத்தனையும் உண்மை" என்று மார்ட்டின் மேசையில் தட்டினான். மிஸிஸ் ஹான் தலையாட்டினார். "தெரியும். அதனால்தான் தண்டனை கொஞ்சம் குறைவு. பொய் என்றால் இன்னும் கூடுதல்." அவன் என்னைப் பார்த்தான். நான் கோப்பி போடப் போய்விட்டேன். கொரியாவில் உண்மையைச் சொல்லியும் ஒருவருடைய மானத்தைக் கெடுத்த குற்றத்துக்கு ஆளாகலாம். பொது நன்மைக்காகச் சொன்னது என்று காட்டினால் தப்பலாம். அதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. பிறகு எழுதியதை வரி வரியாக வாசித்தோம். கடைசிப் பந்தியில் முதலாளி வைத்திருக்கும் பொய்முடியைப் பற்றி நாலு பகிடி. மிஸிஸ் ஹான் கண்ணாடியைக் கழற்றினார். "ஹீற்றர் பொது நன்மை. பொய்முடி எந்த வகையில் பொது நன்மை?"

பாதிக்கப்பட்டவர் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த வழக்கு நடக்காது. ஆகவே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். "பொய் சொன்னேன்" என்று எழுத அவன் ஒரேயடியாக மறுத்தான். அது சரிதான் என்று எனக்கும் பட்டது. மூன்று கிழமை இழுபட்டு, "உங்கள் பெயரையும் தலையையும் பற்றி எழுதியதற்கு வருந்துகிறேன்" என்ற ஒரு வசனத்தில் வந்து நின்றோம். ஹீற்றரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலாளி முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கலியாணத்துக்கு முதல் நாள் மார்ட்டினிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நாளைக்கு மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்கிறார்கள், உண்மையைப் பேசலாமா, அல்லது முதலில் உங்களுக்கு அனுப்பட்டுமா?"

மூன்று பெயர்க்காரி

வைதேகி சென்னைப் பொண்ணு. இங்கே கணினி விளையாட்டு செய்கிற கம்பனியில் வேலை, கொரியாவில் அதைவிடப் பெரிய வேலை கிடைத்திருந்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமை, வைதேகி மட்டும்தான். பட்டச் சான்றிதழில் கே. வைதேகி. கொரியக் கம்பனி அனுப்பிய வேலைக் கடிதத்தில் வைதேகி கிருஷ்ணன். "கிருஷ்ணன் எங்கப்பாங்க, கே-ன்னாலும் அவர்தான், இதுல என்னங்க குழப்பம்?" என்றாள் என்னிடம். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. தொழிற்சாலையில் எட்டு வருடமும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், நானும் ஓம் என்று திரும்பிப் பார்த்தேன். கொரிய விசாக் கந்தோர் கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் பார்க்கும். மூன்று தாள்களையும் மிஸிஸ் ஹான் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு வைதேகியை நிமிர்ந்து பார்த்தார். "விசா ஒருவருக்குத்தான் தருவார்கள். உங்கள் மூவரில் யார் போகிறீர்கள்?"

சளிக்கு மருந்து

குணம் அண்ணை மொன்றியலின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் இருக்கிறார். கறித்தூள், மிளகாய்த்தூள், ரசப்பொடி அரைத்துப் பைக்கற்றில் அடைத்து விற்கிறார். கொரியாவில் எங்கள் நாட்டுப் பெடியள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு அனுப்பலாம் என்று யோசனை. வந்து இருந்த உடனேயே கியூபெக் மாகாண அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கினார். பைக்கற்றில் பிரெஞ்சு எழுத்து சின்னதாய்ப் போய்விட்டது என்று இரண்டு தரம் திருப்பி அச்சடிக்க வைத்துவிட்டார்களாம். "கொரியாவில இந்தக் கரைச்சல் இராது என்ன, தம்பி?"

நான் மெல்லச் சொன்னேன். சாமானின் பெயர், என்னென்ன போட்டது, எப்போது பழுதாகும், யார் இறக்குமதி செய்தது, எல்லாம் கொரிய மொழியில் இருக்க வேண்டும் அண்ணை. அவர் முகம் வாடிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ரசப்பொடிப் பைக்கற்றின் பின்பக்கத்தை மிஸிஸ் ஹான் காட்டி, அந்தத் தமிழ் எழுத்து என்ன சொல்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்தேன்: 'சளி, வாயு, சலரோகம் மூன்றுக்கும் கைகண்ட மருந்து.' மிஸிஸ் ஹான் நெஞ்சில் கை வைத்தார். சாப்பாட்டுச் சாமானை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்பது அங்கே குற்றம். "சளிக்கு நல்லதெண்டு சொல்லுறது பொய்யோ? இவவுக்கு ஒருக்கா ரசம் வைச்சுக் குடுங்கோ, பேந்து கதைக்கட்டும்!" என்று அண்ணை எழும்பிவிட்டார். எழும்பினவரை இருத்தி, மருந்து வரியை எடுத்து, கொரிய எழுத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இப்போது பைக்கற் புசான் துறைமுகம் தாண்டிப் போகிறது. முதல் பெட்டி ஏற்றிய அன்று அண்ணை பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இஞ்சை பிரெஞ்சில எழுது எண்டுறான், அங்கை கொரியனில எழுது எண்டுறான், தமிழில எழுது எண்டு கேக்கிற கவுண்மேந்து ஒண்டும் உலகத்தில இல்லையோ?"

இரண்டு விரல்

ஸ்டெல்லா அக்கா மட்டக்களப்பு ஆள். இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வேலை முடிந்து நேரே வந்தார், சட்டையில் பிள்ளைகள் பூசிய வர்ணம் இன்னும் காயவில்லை. தம்பி அன்ரன் கொரியாவில் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் நிற்கிறான். விசா முடிந்து இரண்டு வருடம். பலகை அறுக்கிற இயந்திரத்தில் வலது கை இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "வேலையில் நடந்தது என்று சொல்லாதே, சொன்னால் பொலிஸ் வந்து உன்னை ஏற்றி அனுப்பிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அன்ரனும் வீட்டில் விழுந்தேன் என்று சொல்லப்போகிறான். அங்கே அப்போது காலை. அக்கா தொலைபேசியை என் கையில் தந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாளித் தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் ஒரு நேபாளத்துப் பெடியன் நின்றான். அவனுக்கும் கை போனது. அவனிடமும் இதே கதையைத்தான் சொன்னார்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது. நான்தான் அவனுடைய உடுப்புப் பெட்டியை விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் போய் ஒரு வருடத்துக்குப் பிறகுதான், வேலை விபத்துக் காப்புறுதி என்ற ஒன்று அங்கே இருக்கிறது, விசா இல்லாதவனுக்கும் அது உண்டு, முதலாளி கையெழுத்து வைக்காவிட்டாலும் கேட்கலாம் என்று அறிந்தேன். கொரியச் சட்டத்தை நான் சொல் சொல்லாகப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

"அன்ரன், விழுந்தனான் எண்டு சொல்லாதை" என்றேன். "ஆஸ்பத்திரியில உள்ளதைச் சொல்லு. விண்ணப்பத்தை அவையே உனக்காக அனுப்பலாம்."

"பிடிச்சு அனுப்பிருவாங்க அண்ணன்."

அனுப்பமாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. வைத்தியம் நடக்கும்வரை நிற்பதற்கு ஒரு தற்காலிக விசா கேட்கலாம், அதை நாங்கள் எழுதுகிறோம் என்றேன். பிறகு தாதியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தொலைபேசியை அவளிடம் கொடுத்தான். நான் கொரியனில் நடந்ததைச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். முதலாளி இரண்டு தரம் மறுத்தார். கூட வேலை செய்த ஒருவன் இயந்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினான். நாலாவது மாதம் காப்புறுதி கிடைத்தது, தற்காலிக விசாவும் கிடைத்தது. விரல் கிடைக்காது, அது வேறு. அன்ரன் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறான். எழுதிய முதல் தாளைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான், அதை எனக்குக் காட்டிக்கொண்டு அக்கா சொன்னார்: "சட்டம் எண்டா எங்கள பிடிக்கிறதுக்கு மட்டும்தான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிட்டு இருந்த நாங்க, தம்பி."

சொந்த வீட்டில்

போன வாரம் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தது. மூன்று பக்கம். நான் கண்ணாடி போட்டு, மேசை விளக்கைப் போட்டு, மிஸிஸ் ஹான் மாதிரியே விரலை வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். 'வணக்கம்' மட்டும் விளங்கியது. எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார் என்று முடிவு செய்து, வேறு வீடு பார்க்க வேண்டும் என்று, கடைப் பிரெஞ்சு மட்டும் தெரிந்த மனைவியிடம் சொல்லியும் விட்டேன். அவள் பயந்துபோய்த் தன்னுடைய சொந்த அண்ணைக்கும் அறிவித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று வாசித்தாள். குளியலறைக் குழாய் திருத்த வியாழக்கிழமை ஆள் வருகிறது, அவ்வளவுதான்.

மனைவி தொலைபேசியை எடுத்து அண்ணைக்கு மறுபடியும் அடித்தாள்: "ஒண்டுமில்லை அண்ணை, இவர் கொரியாவுக்குத்தான் லோயர், குசினிக்கும் குளியலறைக்கும் இல்லை."

இவ்வளவு காலத்தில் நான் கண்டது ஒன்றுதான்: எந்த நாட்டுச் சட்டமும் படித்தால் விளங்கும், ஆனால் மாட்டுப்பட்ட பிறகுதான் எங்களுக்குப் படிக்கத் தோன்றும்.