பத்து இருபதுக்கு ஒரு எண்

"பத்துலேர்ந்து பின்னாடி எண்ணச் சொல்வாங்களாம். பயமா இருக்குங்க."

"நீ ஏழைத் தாண்டிட்டா தங்க வளையல் வாங்கித் தரேன். அப்புறம் ஒரு வாரம் நீ பேச மாட்டியாமே... எனக்கு இப்பதான் லீவே ஆரம்பிக்குது!"

டான்சில் ஆபரேஷனுக்கு முதல் நாள் அண்ணியும் அண்ணனும் பேசிக்கொண்டது இது. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணியின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தவள் நான். இனி சொல்லப்போவதில் ஒரு சொல்கூட என் கற்பனை இல்லை. நம்பாதவர்களோடு சண்டைக்கு வரவும் எனக்குத் தெம்பில்லை.

அண்ணன் கப்பலில் இன்ஜினியர். வந்தால் ஒரு மாதம், போனால் ஒன்பது மாதம். இனிமேல் போக வேண்டாம் என்று கேட்டுவிட அண்ணி எட்டு வருடமாகத் தவித்தாள். ஒவ்வொரு தடவையும் வாசல்வரை வந்து, அந்தப் பேச்சை விழுங்கிவிடுவாள்.

மயக்க மருந்து கொடுத்தபோது அண்ணி எண்ணினாள். பத்து... ஒன்பது... எட்டு... ஏழு...

அப்புறம் அவளுக்கு நினைவில்லை. மணி காலை பத்து இருபது.

"ஏழு நாளைக்கு மூச்! வாயே திறக்கக் கூடாது," என்றார் டாக்டர். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். எச்சில் விழுங்கினால்கூட வலி காதுவரை குத்தியது. ஐஸ் துண்டும் ஆறிய கஞ்சியும்தான் ஆகாரம்.

மறுநாள் காலை அண்ணன் குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு ஓடி வந்தான்.

"ஏன் பேசின? டாக்டர் என்னைத்தான் திட்டுவார்!"

அண்ணி திருதிருவென்று விழித்தாள்.

"'ஆறு'ன்னு சொன்னியே?"

'நான் பேசலை' என்று எழுதிக் காட்டினாள்.

அடுத்த நாள் அவளே காதால் கேட்டாள். ஆளில்லாத படுக்கையறையிலிருந்து. அவளுடைய குரல். வலியே இல்லாத பழைய குரல்.

"அஞ்சு."

மூன்றாம் நாள் நானும் இருந்தேன். அண்ணியின் வாய் நிறைய ஐஸ். கடிகாரத்தில் பத்து இருபது.

"நாலு."

உள்ளே ஓடினேன். யாருமில்லை. தலையணையில் தலை வைத்த பள்ளம். தொட்டேன்... சூடு. அறை முழுக்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை.

"மூணு."

"ரெண்டு."

ஆறாம் நாள் அண்ணன் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் டாக்சி. அவனை வழியனுப்ப அண்ணி சிலேட்டோடு வந்தாள். நான் பெட்டியோடு தெருவில் நின்றேன்.

ஏனோ அண்ணன் என்னிடம் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. அண்ணி ஒருவழியாகச் சிலேட்டில் எழுதிக் கேட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, அண்ணியின் அலுவலக லீவுக்காக ஆஸ்பத்திரி ஃபைலை வாங்கினோம். அதில், யாரும் எங்களிடம் சொல்லாத ஒரு வரி.

'காலை 10.20. இதயத்துடிப்பு நின்றது. நாற்பது விநாடிகளுக்குப் பின் திரும்பியது.'

ஏழுக்கு அப்புறம்... அந்த நாற்பது விநாடி.

மிச்சத்தை அண்ணன் போன வாரம்தான் என்னிடம் சொன்னான். அன்று வாசலில் அண்ணி அவன் கண் முன்னால் நின்றாளாம். உதடு இறுக மூடியிருந்ததாம். சிலேட்டு காலியாம்.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து...

"ஒண்ணு."

அப்புறம், அதே குரல், கொஞ்சம் பக்கத்தில் வந்து...

"போகாதீங்க."