ஹவானாவில் பாணுக்கு நின்ற கதை

என் கணவர் இளமையில் யாழ்ப்பாணத்தில் இடதுசாரிக் கட்சியொன்றுக்குச் சுவரொட்டி ஒட்டித் திரிந்தவர். பிறகு லண்டன் வந்து, ஹரோவில் வீடு வாங்கி, முப்பது வருடம் கவுன்சிலில் வேலை செய்து ஓய்வு பெற்றார். இத்தனைக்குப் பிறகும் கியூபாவை மட்டும் அவர் கைவிடவில்லை. வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட, "கியூபாவில எண்டா அரசாங்கமே வந்து திருத்தும்" என்பார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்த எங்கள் மகள், கரிபியன் கடலைச் சுற்றும் கப்பலொன்றில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தாள். அது ஹவானாவிலும் ஒரு நாள் நிற்கும்.

கப்பலில் சாப்பாட்டுக்கு முடிவே இல்லை. "இது முதலாளித்துவத்தின்ர உச்சம்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவையும் இறால் எடுக்கப் போனார் என் கணவர்.

ஹவானாவில் இறங்கிய காலையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சுற்றுலா பஸ்ஸில் ஏற, இவர் மறுத்துவிட்டார்.

"நாங்கள் நடந்து போவம். சனத்தைப் பாக்கவேணும்."

நடந்தோம். உரிந்த சுவர்கள், மாடங்களில் காயும் உடுப்புகள், எங்கள் வயதுக் கார்கள். ஒரு கடை வாசலில் முப்பது பேரளவில் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் நடுவில் போய் நின்று எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். அப்போது துணிப்பையுடன் வந்த ஒரு பெண்மணி உரத்த குரலில் ஏதோ கேட்டார். அதைத் தோழர்களின் வணக்கம் என்று எண்ணி, இவர் முஷ்டியை உயர்த்தினார்.

அந்தப் பெண்மணி கேட்டது, "கடைசி ஆள் யார்?" என்று. அங்கே வரிசை அப்படித்தான். கடைசி ஆள் கையைத் தூக்கினால் போதும், பிறகு எங்கேயும் போய் உட்காரலாம். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பன்னிரண்டு வருடம் இரண்டு கொலம்பியப் பெண்களோடு வேலை செய்தவள். அவர்கள் என்னைப் பற்றிக் கதைக்கிறார்களோ என்ற சந்தேகத்திலேயே ஸ்பானிய மொழி பழகிக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் இப்ப வரிசையில நிக்கிறியள்."

"என்னத்துக்கு?"

"தெரியாது."

"பரவாயில்லை. எல்லாரும் நிக்கினம்தானே, நிப்பம்."

ஒரு மணி நேரம் போனது. ஒரு வண்டி வந்து தட்டுகளை இறக்க, கூட்டத்தில் ரொட்டிக்கான ஸ்பானியச் சொல் ஓடியது: "பான், பான்!"

இவர் துள்ளிவிட்டார். "பாணாமப்பா! இஞ்சயும் பாண் எண்டுதான் சொல்லுறாங்கள்!"

எங்கள் முறை வந்தபோது கடைக்காரி கையை நீட்டினார்.

"கூப்பன் புத்தகம் கேக்கிறா" என்றேன்.

"கூப்பனோ?" இவருடைய முகம் சுருங்கியது. எழுபதுகளில் பங்கீட்டுக் கூப்பனோடு நான் பள்ளிக்கூடம் போக முன்னர் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், எங்களை அப்படி நிறுத்திய இலங்கை ஆட்சியை ஆதரித்துச் சுவரொட்டி ஒட்டியவர் இவர். நான் அவரைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

துணிப்பைப் பெண்மணி சிரித்துச் சிரித்து எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். தன் பங்குப் பாணைப் பிய்த்து வைத்து, விரற்கடை அளவுக் கோப்பையில் கோப்பி தந்தார். முழங்காலைப் பிடித்தபடிதான் உட்கார்ந்தார்.

"இஞ்ச வைத்தியம் இலவசமெல்லோ எண்டு கேளும்" என்றார் இவர், மறுபடி உற்சாகமாக.

கேட்டேன். "இந்தத் தெருவிலேயே மூன்று டாக்டர்கள்" என்றார் பெண்மணி. "மாத்திரைதான் ஒன்றுகூட இல்லை."

கைப்பையைத் திறந்து, இருந்த வலி மாத்திரைகளையும் தைலப் போத்தலையும் கொடுத்தேன். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டார்.

"மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கும். டாக்டரைப் பார்க்கத்தான் காலை எட்டு மணிக்குப் போன் எடுத்துக் காத்திருக்கவேண்டும்."

"அங்கேயும் வரிசையா!" கோப்பி சிந்தச் சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"உங்கட கட்சிக்கு நன்றி சொல்லுறா."

"பொய் சொல்லாதேயும்."

சுவரில் ஒரு மகனும் ஒரு மகளும் படங்களாக இருந்தார்கள். மகன் மட்ரிட்டில், மகள் மயாமியில் என்றார் பெண்மணி. இதை நான் மொழிபெயர்க்கவேண்டி வரவில்லை. "பிள்ளையள் வெளியில போல" என்று இவரே மெதுவாகச் சொன்னார்.

நேரம் போனதைக் கவனிக்கவில்லை. கப்பல் புறப்பட அரை மணிதான் இருந்தது. பெண்மணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவருடைய இளஞ்சிவப்புக் கார் துறைமுக வாசல்வரை அழகாக வந்து, அங்கே நின்றுவிட்டது. "நடந்தே போவம்" என்றேன். இவர் கேட்கவில்லை. நடுத்தெருவில் அந்த மனிதனை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று இறங்கித் தள்ளினார். நானும் தள்ளினேன். மேல்தளத்திலிருந்து எங்கள் சக பயணிகள் கைதட்டிப் படம் பிடித்தார்கள்.

கார் உறுமிக் கிளம்பியது. ஓடிப்போய்க் கப்பலில் ஏறினோம். வாசலில் குளிர்ந்த துவாய் தந்தார்கள். இவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும், "எப்பிடி உங்கட கியூபா?" என்று கேட்டேன்.

"நல்ல சனம்" என்றார். இரண்டாவது துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பாண்தான் கொஞ்சம் புளிப்பு" என்றார்.