சிம்பலுக்கு மேலே இரண்டு மைக்

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். பகலில் புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை. பெரிய இயந்திரம் தகட்டின் மேல் இறங்கி அடிக்கும், காருக்கான ஏதோ ஒரு பாகம் தயாராகி விழும், உடனே அடுத்த தகடு. நாள் முழுவதும் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதர், ஓய்வு கிடைத்தால் டிரம்ஸ் வாசிப்பார். சத்தத்துக்கு மருந்து சத்தம் என்று நினைத்தாரோ என்னவோ.

புனே தமிழர்களின் கல்யாணங்களிலும் கணபதி விழாக்களிலும் வாசித்து அவருக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு மெல்லிசைக் குழுவின் தலைவர் ஒரு விழாவில் அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "டிரம்ஸ மட்டும் தனியா பதிஞ்சு கேசட் அனுப்புங்க. சரியா இருந்தா சிங்கப்பூர் டூருக்குப் பாக்கலாம்" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து மாமா பிரஸ் ஷாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், விட்டுவிட்டு வந்த ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினார்.

வீட்டில் அவரைக் கூப்பிட்டால் ஒரே தடவையில் திரும்ப மாட்டார். "ஏண்டா, உனக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று அம்மா கத்துவாள். பிறகு என்னிடம், "அவனுக்கு எந்நேரமும் தாளத்துலயே ஞாபகம்" என்பாள். கலைஞன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கசார்வாடியில் மாமாவின் நண்பர் ஒருவரின் பட்டறைக்கு மேலே ஒரு காலி அறை இருந்தது. வியாழக்கிழமை அந்தப் பக்கத்து ஆலைகளுக்கெல்லாம் விடுமுறை, கீழே லேத் ஓடாது. மே மாத லீவு என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எதிரொலியை அடக்க, வீட்டிலிருந்த ரஜாய் போர்வை அத்தனையும் சுவரில் தொங்கின. அம்மா அந்த வெயிலில் ரஜாய் எதற்கு என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கல்யாணங்களுக்கு மைக் கட்டுகிற ஒரு மராட்டிக்காரர், தகரப் பெட்டி நிறைய மைக்குகளோடு வந்தார். தமிழர் எல்லாரையும் போல மாமாவையும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். மாமா ஒவ்வொரு மைக்கையும் கையில் வாங்கி, எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்து இடம் சொன்னார். தடித்த மைக், பெரிய டிரம்மின் ஓட்டைக்குள், மடித்த போர்வைக்குப் பக்கத்தில். இன்னொன்று ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் விளிம்புக்கு இரண்டு விரல் மேலே, சாய்வாக. வாசிப்பவரின் குச்சி படாமல், பக்கத்தில் ஜால்ரா போல ஜோடியாக நிற்கும் தட்டுகளின் சத்தம் ஏறாமல் அதை நிறுத்துவதற்கே வெகுநேரம் ஆனது.

கடைசியாக, சிம்பல் தட்டுகளுக்கு மேலே இரண்டு மைக். அதற்கு மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு நூல் எடுத்தார். ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் நான் பிடிக்க வேண்டும். மறு நுனியை அவர் ஒரு மைக்கில் தொட்டு, அதே நீளத்துக்கு மற்றதையும் நகர்த்துவார்.

"ரெண்டும் ஒரே தூரத்துல இருக்கோணும் கண்ணு. இல்லேன்னா அடி ஒண்ணு, சத்தம் ரெண்டாயிரும்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலைப் பிடித்தேன். உலகத்தில் என் மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய வயது.

அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என்னைச் சிம்பலைத் தட்டச் சொன்னார். தட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"நல்லா அடி."

அடித்தேன்.

"சாக்கு மூட்டைய அடிக்கற மாதிரி வருது. மைக் சரியில்ல."

மராட்டிக்காரர் வேறு ஜோடி மாட்டினார், பேனா போல மெலிந்தவை. அவருடைய பெட்டியில் அவைதான் உயர்ந்தவையாம். அவையும் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. தாங்கிகளைக் கீழே இறக்கினார், மறுபடி நூல். இன்னும் இறக்கினார், மறுபடி நூல். தட்டு ஆடினால் மைக்கில் இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு மிக்ஸர் பெட்டியில், கூர்மையான ஒலியை ஏற்றுகிற குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினார். பக்கத்துப் பாதையில் லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் எல்லாரும் நிறுத்திக் காத்திருந்தோம். ரயில் போன பிறகும் மாமா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்தபடியே இருப்பார்.

மராட்டிக்காரர் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்து, உடனே பிடுங்கி எடுத்தார். "அண்ணா, பஹுத் தேஸ் ஹை! கான் ஃபட் ஜாயேகா!" ரொம்ப அதிகம், காது கிழிந்துவிடும் என்றார்.

"ஆப்கா மைக் ஹீ கராப் ஹை" என்றார் மாமா. உங்கள் மைக்தான் கெட்டுப்போனது.

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. சண்டை போடாமல், ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டி, தாமே குச்சியால் தட்டைத் தொட்டார். அடிக்கக்கூட இல்லை, தொட்டதுதான். எவர்சில்வர் தட்டைக் கல்தரையில் இழுத்த மாதிரி இருந்தது. பல் கூசியது.

"மாமா, வலிக்குது."

மாமா சிரித்தார். "சின்னக் காது கண்ணு. உனக்கு எல்லாமே பெருசாத்தான் கேக்கும்."

மராட்டிக்காரர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரெக்கார்டரை அழுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாமா வாசித்தார். அதைப் போல அவர் வாசித்து அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கண்கள் மூடியிருந்தன. அந்த அறையில் மைக் எதுவும் இல்லாமல் வெறும் காதால் கேட்டதுதான் உண்மையான வாசிப்பு. நாடாவில் போனது வேறு. அவர் அதைப் போட்டுக் கேட்டு, "இப்பத்தான் சில்லுனு வருது" என்றார். கீழே இறங்கி எல்லாருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். மராட்டிக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை.

கேசட் போன பிறகு பதில் வரவில்லை. மழை தொடங்கியதும் மாமா பொறுக்க முடியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். எண்ணைச் சுழற்றி, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, "ஹலோ? என்னங்க? சொல்லுங்க!" என்று கத்தினார். ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"இந்த பூத்தே சரியில்ல. நீ கேட்டுச் சொல்லு கண்ணு."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. குழுத் தலைவர் எரிச்சலில் இருந்தார். "வாசிப்பு இருக்கட்டும் பாப்பா. டேப்ப கேக்கவே முடியலயே, காதுல ஊசி குத்துற மாதிரி. எந்த மடையன் மைக் வச்சான்?"

எனக்குக் கோபம் வந்தது. "மாமாவேதான் வச்சாங்க. நாள் பூரா ஹெட்ஃபோன்ல கேட்டுக் கேட்டு வச்சாங்க."

"அவரே கேட்டா வச்சாரு?"

"ஆமா."

"இப்ப ஏன் அவர் பேசல?"

"பூத்ல கேக்கலையாம். எனக்கு நல்லா கேக்குது."

பிறகு அவர் குரல் வேறாக வந்தது, தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவது போல. "சரிம்மா. இந்தத் தடவ ஆள் எடுத்தாச்சுன்னு சொல்லு. உடம்பப் பாத்துக்கச் சொல்லு. கண்டிப்பா சொல்லு."

குழுத் தலைவருக்கு இரண்டு பேச்சில் புரிந்தது எங்கள் வீட்டுக்குப் புரியச் சில வருடங்கள் ஆயிற்று. இரைச்சலில் நிற்பவர்களுக்குக் கூர்மையான ஒலிகள் கேட்பதுதான் முதலில் போகுமாம், போனது திரும்பாதாம். டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதித்தான் மாமாவிடம் காட்ட வேண்டியிருந்தது. அதற்குள் மற்றவர் பேச்சும் அவருக்குக் கேட்காமல் போயிருந்தது. பிரஸ் ஷாப்பில் மட்டும் அவரை யாரும் குறை சொல்லவில்லை. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் நின்றார்.

அன்று பூத்தைவிட்டு வெளியே வந்ததும், டேப்பைக் கேட்க முடியவில்லையாம், ஆள் எடுத்தாச்சாம் என்று நான் சொன்னதை மாமா என் வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். மழையில் கொஞ்ச தூரம் நடந்தார்.

"மைக்க இன்னும் கிட்ட வச்சிருக்கோணும்" என்றார்.

நானும் ஆமாம் என்றேன். திட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரை, மாமாவுக்காக எதிர்த்துப் பேசி, அவ்வளவு அன்பாகப் பேச வைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. மாமா கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து ரோட்டைக் கடந்தேன்.