தரையைத் தொட்ட எலி

தோகாஷிக்கு எலியைக் கொல்லக் கை வராது. எலிக்கூடத்தில் வேலை பார்க்கிறவருக்கு இதைவிடப் பொருந்தாத குணம் இருக்க முடியாது. ரத்தத்தைக் கண்டால் மயங்குகிறவரை மீன் கடையில் உட்கார வைத்த கதைதான்.

செண்டாய் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் ஒன்றாகக் கூண்டு கழுவினோம். எல்லாரும் அவரைத் துறவி என்று கேலி செய்வார்கள். சோதனையில் செத்த எலிகளுக்காக ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தோட்டத்து நினைவுக் கல்லின் முன்னால் நடக்கும் வழிபாட்டில், புத்த பிக்குவே எழுந்து போன பிறகும் அவர் கைகூப்பி நிற்பார்.

"தோகாஷிசான், எலிங்க எல்லாம் மோட்சத்துக்குப் போயிடுச்சு. கீழ கூண்டு நாறுது, வாங்க" என்பேன்.

"நீங்க போங்க தொமிகோசான். ஒண்ணு ரெண்டு இன்னும் போகல" என்பார்.

அங்கே மினெகிஷி என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர் இருந்தாள். அவள் செய்த சோதனை இது. உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் நெஞ்சுக்குள் தைமஸ் என்ற சுரப்பியில்தான் தன் ஆள் யார், வேற்றாள் யார் என்று கற்றுக்கொள்கின்றன. அந்தப் படிப்பு முடிவதற்குள், பிறந்த கையோடு, வெள்ளை எலிக்குட்டிக்குக் கருப்பு எலியின் செல்களை ஊசியில் ஏற்றிவிட்டால் அதையும் தன் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பின் கருப்புத் தோலை ஒட்டினாலும் விரட்டாது. வெள்ளை முதுகில் ஒரு துண்டு கருப்பு மயிர் சுகமாக வளரும். அந்தக் குட்டியின் ரத்தக்குழாய் நூலைவிட மெல்லியது. அதில் ஊசி ஏற்ற மினெகிஷியின் கைதான் கை. நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம்.

திடீரென்று ஒட்டிய தோலெல்லாம் கருகி உதிர ஆரம்பித்தது. மறுபடி செய்தாள், மறுபடி உதிர்ந்தது. பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "செல்லுல குறையில்லம்மா. ஊசிதான் ஏறல. உன் கை போச்சு."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் குளிர்காலமே ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த வசந்தத்தில் கருப்பு எலிகளுக்குள்ளேயே தோல் மாற்றி ஒட்டி வம்சத்தைச் சோதித்தார்கள். ஒரே வம்சமாக இருந்தால் ஒன்றின் தோலை ஒன்று ஏற்க வேண்டும்; உடன்பிறந்தவையே உதறின. வம்சம் கலந்திருந்தது; குறை மினெகிஷியின் கையில் இல்லை. எலிகளை மொத்தமாகக் கொன்றார்கள். பேராசிரியர் அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. தான் சொன்ன சொல்லை விழுங்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தோகாஷிக்கு மட்டும் காரணம் தெரியும். தரையைத் தொட்ட எலி கூண்டுக்குத் திரும்பக் கூடாது, கொன்றுவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அறையில் இரண்டு கருப்பு வம்சங்கள் இருந்தன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அடையாளத்துக்குக் காதில் இன்னும் துளையிடாத ஓர் இளசு முன்பொரு நாள் அவர் கையிலிருந்து குதித்து ஓடியது. பிடித்தவர், பாவம் பார்த்து, இதுதான் அதன் வீடு என்று ஒரு கூண்டில் விட்டுவிட்டார். அது மற்ற வம்சத்தின் கூண்டு. மினெகிஷி ஊசியில் ஏற்றிய செல்கள் கலக்காத எலிகளுடையவை; ஒட்டிய தோல் அந்த இளசின் வாரிசுகளுடையது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்நியன் வெள்ளை எலியின் டி செல்களுக்குத் தெரிந்துவிட்டான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இதை என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வருஷா வருஷம் கல்லு முன்னாடி நின்னு எலிகிட்ட மன்னிப்பு கேட்டீங்களே. எலி திருப்பி ஒண்ணும் கேக்காதுன்னுதானே?"

அடுத்த வாரம் யமகதாவில் மினெகிஷியின் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம்.

காயப்போடுவதற்காகத் தக்காளி போன்ற பெர்சிமன் பழங்களைத் தோல்சீவியால் சீவிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. கத்தியில் சீவினால் சீக்கிரம் முடியுமே என்றேன்.

"கத்தி, ஊசி எல்லாம் விட்டாச்சுங்க. என் கையை நம்ப முடியாது. பேத்திக்குப் பட்டன் தைக்கக்கூட கடைக்குத்தான் குடுக்கறேன்" என்று சிரித்தாள்.

தோகாஷி மண்டியிட்டு நெற்றியைப் பாயில் வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். பழம் அவள் மடியிலேயே கிடந்தது.

"அப்போ ஊசி ஏறியிருக்கு" என்றாள் நிதானமாக.

"ஏறியிருக்குங்க. எல்லாமே ஏறியிருக்கு."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க போன அடுத்த வசந்தத்துல."

"அந்த வசந்தத்துல நியிகாதாவுல ஒரு ஆய்வுக்கூடத்துல என்னைக் கூப்பிட்டாங்க. பழுதான கையை வச்சுக்கிட்டு எப்படிப் போறதுன்னு வரலைன்னுட்டேன். ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாமே, தோகாஷிசான்."

அவர் நெற்றியை எடுக்கவில்லை. எழுந்திருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. தோல்சீவியைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்க் கத்தி ஒன்றை எடுத்து வந்து, ஒரு பழத்தைச் சீவத் தொடங்கினாள். தோல் எங்கும் அறாமல் ஒரே நாடாவாக அவள் மடியில் இறங்கியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.