ஜெபசீலனின் இரண்டு படங்கள்

திங்கள்சந்தையில் பிளக்ஸ் போர்டு அடிக்கும் எபிசனுக்கு ஓவியக் கலையில் தபால்வழிப் பட்டம் உண்டு. படித்துவிட்டு என்ன செய்தான் என்றால், செத்தவர்களின் முகத்தைச் சரிசெய்தான். சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி போர்டு அவன் கடையில்தான்.

படிப்பு வீணாகவில்லை என்று காட்டிக்கொள்ள, செய்கிற வேலைக்கெல்லாம் ஒரு பெயர் வைத்திருந்தான். ஆதார் படம் பெரிதாக்கும்போது புள்ளி புள்ளியாக உடைந்தால் பாயிண்டிலிசம். பாதி முகம் இருட்டில் கிடந்தால் கியாரோஸ்கூரோ. மருவை எடுத்து, சுருக்கத்தை அழித்து, சட்டையில்லாத உடம்புக்குக் கோட்டு மாட்டினால் கிளாசிசம். கிரேக்கச் சிற்பிகளின் பாணி. ஆள் இருந்தபடியே காட்டுவது ரியலிசம். அதை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

அவனுடைய அப்பா ஜெபசீலனுக்கு மாறுகண். சந்தியில் சாயாக்கடை வைத்திருந்தார். "சாயா எடுக்கட்டா?" என்று அவர் கேட்டால் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். ஊர்ப் பேச்சில் மாறுகண் என்றால் கோங்கண். கோங்கண்ணன் கடை என்றால்தான் ஊருக்குத் தெரியும், ஜெபசீலன் என்ற பெயர் பலருக்குத் தெரியாது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மகனிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்:

"மக்கா, நான் செத்தா எனக்க போர்டுல கண்ண நேராக்கிப் போடணும், கேட்டியா?"

"அதுக்குப் பேரு கிளாசிசம்ப்பா."

"என்ன எழவோ. நேரா இருக்கணும்."

எபிசன் சரி என்றான். அவர் அவனிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

போன வருடம் சில வாரம் படுத்திருந்து ஜெபசீலன் இறந்தார். விடிந்ததும் எபிசன் கடையைத் திறந்து உட்கார்ந்தான். அழுதுகொண்டேதான் இடது கருவிழியை வெட்டி நடுவில் வைத்தான். கச்சிதமாக வந்தது. நல்ல கௌரவமான முகம். போர்டைச் சந்தியில் கட்டினான். நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு.

மதியமாகியும் சபையாரும் சொந்தக்காரர்களும் தவிர யாரும் வரவில்லை. தினமும் சாயா குடித்தவர்களில் ஒருவரையும் காணோம். எபிசன் சந்திக்குப் போனான். மீன் விற்கும் மரியான் போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எபிசனே, இது ஆரு? வாத்தியாரா? ஒனக்க அப்பாவுக்கு இப்ப ஒடம்பு எப்பிடி இருக்கு?"

எபிசன் வீட்டுக்குத் திரும்பி, அப்பா கேட்டுக்கொண்டதையும் மரியான் கேட்டதையும் அம்மா லீலாபாயிடம் சொன்னான்.

"அவருக்கு ஆசதான்," என்றாள் அம்மா. "அதுக்கு ஆளு வரண்டாமா மக்கா?"

கைவைக்காத படத்தை அடித்துச் சந்தியில் மாட்டினான். அரை மணி நேரத்தில் சந்தை முழுக்க வீட்டு முற்றத்தில் நின்றது. ரியலிசத்துக்கு வந்த முதல் வாடிக்கையாளர் அவன் அப்பாதான். மரியான் தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார்.

பெட்டியை மூடுமுன் எபிசன் நேர்க்கண் படத்தைச் சிறியதாக அடித்து அப்பாவின் கைக்கடியில் வைத்தான். கொடுத்த வாக்கு அவரோடு போகட்டும் என்று நினைத்தான். மாறுகண் படம் சந்தியிலிருந்து வீட்டுக்கு வந்து முன்னறைச் சுவரில் ஏறியது.

சாயங்காலம் வேலை முடிந்தால் லீலாபாய் அந்தப் படத்தோடு பேசுவாள். நேர் எதிரே நிற்கமாட்டாள். இடப்பக்கம் தள்ளி, அடுக்களை வாசலை ஒட்டி நிற்பாள். அவர் பார்வை அங்கேதான் விழும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியும்.